அயல்நாட்டில் ஓர் அரையாண்டு



அயல்நாட்டுக் கல்வி என்றவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவன யாவை? வானளாவிய கட்டடங்கள், பெரிய நூலகங்கள், புகழ்மிக்க பேராசிரியர்கள் ஆகியவையே அல்லவா? குளிர்நாட்டுப் படுக்கையில் எவ்வாறு படுப்பது என்னும் கேள்வி உங்களுள் ஒருவருக்கேனும் தோன்றியிராது. ஆனால் நம் நாடு ஈன்ற கணித மேதை ஒருவர், அச்சிறு கேள்விக்கு விடை தெரியாமல் குளிரில் நடுங்கினார். அதனை முதலில் கூறுகிறேன்.

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் சீனிவாச இராமானுசன் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினார். ஏப்ரல் திங்களில் இலண்டனை அடைந்தார். கேம்பிரிட்ஜில் முதற்சில வாரங்கள் நெவில் என்னும் கணித அறிஞரின் இல்லத்தில் தங்கினார்; பின்னர்த் திரினிட்டிக் கல்லூரி விடுதிக்குச் சென்றார். அங்கே அவரைக் காண வந்தார் மற்றோர் இந்திய மாணவர். பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற பிரசாந்த சந்திர மகலனோபிசு என்பவரே அவர். இரவில் குளிர் தாக்குகிறதா என்று அவர் வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையும் போர்த்திப் படுத்தும் குளிர் தாங்க முடியவில்லை என்றார் இராமானுசன். மகலனோபிசு படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன! அவை மெத்தையோடு சேர்த்து மடித்துச் செருகப்பட்டு, மேல்விரிப்பினால் மூடப்பட்டிருந்தன. இராமானுசனோ அவற்றிற்குள் நுழையாமல் மேல்விரிப்பின்மீதே படுத்து வந்தார். கம்பளிகளை எவ்வாறு விலக்கி உள்ளே படுப்பது என்று நண்பர் காட்டிக் கொடுத்தார்.

இஃது நகைத்தற்குரிய செய்தியன்று. எண்களின் மறைபொருளை அறிந்த அறிவு, படுக்கையின் முறையையும் தானே அறிந்துகொள்ளும் என்று எவரும் எதிர்பார்த்தல் தகாது. பிறர் கற்பித்தாலன்றி அல்லது நாம் வினவினாலன்றி விளங்காதவை அன்றாட வாழ்வில் பல உண்டு.

உணவிலும் அவருக்கு இடர் நேர்ந்தது. புலால் உண்ணாதவராதலின் தம் அறையில் தாமே சமைத்து உண்டார். 1914 ஆகஸ்டில் உலகப்போர் மூண்டபின் வேண்டிய பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. 1917இல் நோயுற்று, மருத்துவ விடுதிகளில் காலங்கழித்தார். 1918இல் அரச கழகத்தின் உறுப்பினர் என்னும் பெருமை அவரை வந்தடைந்தது. 1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள், தமது 32ஆம் வயதில் மறைந்தார். அவர் நோயைக் காசம் என அக்காலத்து மருத்துவர் கருதினர். கல்லீரலைப் பற்றிய அமீபா நோயாக இருக்கலாம் எனப் பிற்கால ஆய்வு கூறுகிறது. எதுவாயினும் குளிரும் உணவுக்குறையும் தனிமையும் அவ்வுடலுக்குத் துணைசெய்யவில்லை என்பது தெளிவு.

இனி, எங்கள் விஸ்வநத்தத்தை அடுத்துள்ள சிவகாசியின் கதையைக் கேளுங்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா சென்றனர். மொழி வேறு, உணவு வேறு, ஊர் வேறு. ஏறத்தாழ எட்டு மாதங்கள் அங்கிருந்து தொழிலைப் பயின்று மீண்டனர். வானம் பார்த்த பூமியாகிய எங்கள் பகுதியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்ற அப்பயணமே வழிவகுத்தது. பட்டாசுத் தொழிலும் அதன்பின் வளர்ந்தது. எட்டு மாதம் என்பது இன்றைய கல்லூரிப் பருவம் ஒன்றைவிடச் சற்றே கூடுதலான காலம். அவ்வளவு சிறு காலம் ஓர் ஊரின் வாழ்வையே மாற்றிவிட்டது!

அண்மையில் எங்கள் ஊர்த் தீப்பெட்டித் தொழிலாளர் ஒருவரின் மகள் என்னிடம் விடைபெற வந்தாள். ஒரு பருவம் ஜெர்மனியில் பயிலப் போகிறாள். "சோறு வடிக்கத் தெரியுமா, அம்மா?" என்று கேட்டேன். "தெரியாது, ஐயா, படிக்கிற பிள்ளை என்று வீட்டில் விடவே மாட்டார்கள்" என்றாள். அவளுக்குச் சொன்னவற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்திற்கு 30 தர அலகுகள் என்பது பொது வழக்கு. ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆகவே ஒரு பருவத்திற்கு 750 முதல் 900 மணி நேரம் உழைத்தல் வேண்டும். இது வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நேரம் மட்டுமன்று. தாமே படிப்பதும் எழுதுவதும் இதனுள் அடங்கும். 'படி' என்று உங்களை ஏவுவார் அங்கே இரார்.

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்திற்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அரிசியும் பருப்பும் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். மாணவர் உணவுச்சாலையைப் பயன்படுத்தலாம். ஆயினும் எளிய சமையல் தெரிந்தவருக்கே காசு மிஞ்சும். டிசம்பரில் பெர்லின் நகரில் மாலை 4 மணிக்கு முன்னரே கதிரவன் மறைந்துவிடுவான். வெயிலிலே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அவ்விருள் மனச்சோர்வைத் தரக்கூடும். அவ்வேளையில் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளாமல் நண்பரை நாடுங்கள். குளிர்காலத்தில் நம் நேரம் அங்குள்ள நேரத்திற்கு நாலரை மணி முந்தியது; அதனை நினைவிற்கொண்டு, வீட்டார் உறங்குமுன் தொலைபேசியில் பேசுங்கள்.

இவையெல்லாவற்றினும் மேலான அறிவுரை ஒன்றுண்டு. தெரியாததைக் கேளுங்கள். இதனைச் சொல்லும்போது எனக்கு நாணம் உண்டாகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் விடை சொன்ன பிள்ளையையே நான் தட்டிக்கொடுத்தேன். ஐயம் வினவிய பிள்ளையைப் பாராட்டியதாக நினைவில்லை. கேட்பது இழுக்கு என்னும் எண்ணத்தை என்னைப் போன்ற ஆசிரியரே வளர்த்துவிட்டோமோ என்று இப்பொழுது அஞ்சுகிறேன்.

ஆகவே புறப்படும் முன்னர், வீட்டு அடுப்படியில் ஒரு திங்கள் பயிலுங்கள். அங்கே சென்றபின், கம்பளி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒருவர் கேளாதிருந்ததனால் எத்தனை இரவுகள் குளிரில் கழிந்தன என்பதை மறவாதீர்கள்.