நாடாவில் பிழைத்த கடிதங்கள்

2011 பிப்ரவரி 27. ஜிமெயிலைத் திறந்த சிலர் திடுக்கிட்டனர். பெட்டி காலி! பல ஆண்டுக் கடிதங்களைக் காணோம்.

அஞ்சல்களைச் சேமிக்கும் மென்பொருளைக் கூகுள் நிறுவனம் புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதிய மென்பொருளில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. பாதிக்கப்பட்டோர் 0.02 சதவிகிதம், அதாவது பத்தாயிரம் பேரில் இருவர். சொற்பம்தானே என்கிறீர்களா? அந்த இருவரைக் கேட்டுப் பாருங்கள்!

கடிதங்களுக்கு வெவ்வேறு கணினி நிலையங்களில் நகல்கள் இருந்தன. பின் ஏன் உதவவில்லை? தீயோ மின்தடையோ ஓரிடத்தைத்தான் தாக்கும். மென்பொருட் பிழையோ தொடர்பிலுள்ள பல நகல்களை ஒருசேர எட்டிவிடக்கூடியது.

நல்லவேளை, காந்த நாடாவில் தனியே ஒரு படி இருந்தது. முன்பு பாட்டுக் காசெட்டுகளில் சுற்றியிருந்ததே, அந்த இனத்து நாடாதான்! கணினித் தொடர்பின்றி இருந்ததால் பிழை அதை அண்டவில்லை. பொறியாளர்கள் பழைய மென்பொருளுக்குத் திரும்பி, நாடாவிலிருந்து கடிதங்களை மீட்கலாயினர். வட்டில் வேண்டிய இடத்துக்குத் தாவலாம். நாடாவையோ சுற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே நேரம் பிடித்தது.

அமெரிக்கப் பசிபிக் நேரப்படி 27 மாலை 6 மணி முதல் மறுநாள் பிற்பகல் 2 மணி வரை அவர்களுக்கு வந்த அஞ்சல்கள் பெரும்பாலும் சேரவில்லை. அனுப்பியவர்களுக்கே 'சேரவில்லை' என்ற அறிவிப்பு போயிற்று.