காற்று அடிக்கும்போது பாயும் இரும்பு வளையம்! லாரி டயரில் உயிர் ஆபத்து!!

மதுக்கரை:

லாரி டயர் ரோட்டில் வெடித்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. பஞ்சர் கடையில் வெடித்தால் அந்தத் தெருவோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கடையில் வெடிப்பதுதான் கொடூரம். காற்று அடிப்பவர் டயருக்கு எதிரே, கைக்கு எட்டும் தூரத்தில், குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஓடித் தப்ப நேரம் கிடையாது.

கோவையில் இருந்து பாலக்காடு போகும் மெயின் ரோட்டில் உள்ள ஊர் மதுக்கரை. 1934-ல் இங்கே சிமெண்டு ஆலை வந்தது. அன்று முதல் லாரி இந்த ஊருக்குப் புதிது அல்ல. சேலத்தில் இருந்து கொச்சி போகும் தேசிய நெடுஞ்சாலை இது. முன்பு அதற்கு எண் 47. இப்போது 544. நீலாம்பூரில் பிரிந்து, நகருக்குள் நுழையாமல் 28 கிலோ மீட்டர் சுற்றி வரும் பைபாஸ் ரோடும் மதுக்கரையில்தான் வந்து சேருகிறது.

கேரளாவுக்குப் போகும் முட்டை, அரிசி, சிமெண்டு, இரும்புக் கம்பி எல்லாம் இந்த வழிதான். கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களும் இந்த வழியாகவே வருகின்றன. ஆகவே ரோட்டு ஓரத்தில் பஞ்சர் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை.

"காத்து கொஞ்சம் கொறைவா இருக்குதுங்கண்ணா, நெப்பி உடுங்க. லோடு அவசரமுங்க!"

டிரைவர் இப்படித்தான் சொல்வார். கடைக்காரரும் குழாயை எடுத்து மாட்டுவார். ஆபத்து அந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

தீப்பெட்டி அளவில் 2 ஆள் எடை

லாரி டயரில் சுமார் 100 பவுண்டு காற்று அடிக்கிறார்கள். 100 பவுண்டு என்றால் என்ன? டயருக்குள் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 45 கிலோ எடை அழுத்துகிறது என்று அர்த்தம். ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்தால் எவ்வளவு இடம் அடைக்குமோ, அந்த இடத்தில் மட்டும் 2 ஆட்களின் எடை! டயரின் உள்பக்கம் முழுவதையும் கணக்குப் போட்டால் பல டன் வருகிறது.

இத்தனை வேகத்தையும் அடக்கிப் பிடிப்பது எது? டியூப் போட்ட பழைய மாதிரி சக்கரத்தில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. 'லாக் ரிங்' என்பார்கள். டயரை டிஸ்க்கில் மாட்டிவிட்டு, இந்த வளையத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்து, சம்மட்டியால் தட்டி, காற்று அடிப்பார்கள். காற்று ஏற ஏற வளையம் இறுகும்.

வளையம் சரியாக உட்கார்ந்தால் சரி. பள்ளத்தில் துரு, மண், பழைய ரப்பர்த் துணுக்கு ஏதாவது இருந்தால்? வளையம் வளைந்திருந்தால்? வேறு கம்பெனி டிஸ்க்கின் வளையத்தைக் கொண்டுவந்து மாட்டி இருந்தால்? பாதிக் காற்று ஏறியதும் வளையம் பிய்த்துக்கொண்டு பாயும். எதிரே இருப்பவரின் தலையோ, நெஞ்சோ, கையோ அதற்குக் கணக்கு இல்லை.

அதிலும் சிலர் பாதிக் காற்று ஏறிய பிறகு, "சரியா உக்காரலை போல இருக்குது" என்று சம்மட்டியால் வளையத்தை ஓங்கி அடிக்கிறார்கள். இது தற்கொலைக்குச் சமம். அடிக்க வேண்டுமானால் காற்று முழுவதையும் இறக்கிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

வளையம் இருக்கும் பக்கத்தைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் போட்டு அடிப்பவர்களும் உண்டு. வளையம் பாயாது என்று ஒரு தைரியம். வளையம் பாயாது, உண்மைதான். டயரே டிஸ்க்கோடு மேலே எம்பும்! குனிந்து பார்த்துக்கொண்டு இருப்பவர் கதி என்ன?

ராய்ப்பூரில் 2 பேர் பலி

2022 மே மாதம் சத்தீஷ்கர் மாநிலம் ராய்ப்பூரில் நடந்தது இது. சில்தாரா தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. ஜே.சி.பி. இயந்திரத்தின் பெரிய டயருக்கு ஒரு தொழிலாளி காற்று அடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் வந்து டயரை அமுக்கிப் பார்த்தார். டமார்! டயர் வெடித்து 2 பேரும் தூக்கி எறியப்பட்டு இறந்துபோனார்கள். அங்கே இருந்த கேமராவில் அத்தனையும் பதிவானது. நாடு முழுவதும் அதைப் பார்த்துப் பதறினார்கள்.

பார்த்தவர்களில் எத்தனை கடைக்காரர்கள் மறுநாள் கூண்டு வாங்கினார்கள்?

கூண்டு என்பது இதுதான். கனமான இரும்புக் குழாய்களை வளைத்து, வெல்டு வைத்துச் செய்த சட்டம். டயரை அதற்குள் உருட்டி நிறுத்திவிட்டுத்தான் காற்று அடிக்க வேண்டும். வளையம் பாய்ந்தாலும் குழாயில் மோதி நின்றுவிடும். அமெரிக்காவில் இதற்கென்றே 1980-ல் தனி விதி போட்டார்கள். கூண்டு கட்டாயம். காற்றுக் குழாயின் முனை, கையால் பிடிக்காமல் தானே வால்வைக் கவ்விக்கொள்ளும் கிளிப் உள்ளதாக இருக்க வேண்டும். குழாய் நீளமாக இருக்க வேண்டும். அழுத்தம் காட்டும் மீட்டர் டயரில் அல்ல, அடிப்பவர் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும். வளையம் பாயக்கூடிய நேர் திசையில் யாரும் நிற்கவே கூடாது. பயிற்சி பெறாத ஆள் டயரைத் தொடக்கூடாது.

நம் ஊரில் டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டி அடிக்கிறார்கள். ஒன்றும் இல்லாததற்கு அது தேவலாம். ஆனால் சங்கிலி கூண்டு ஆகாது. சங்கிலியும் அறுந்து பறக்கும்.

காற்று அடிக்கும் கம்ப்ரசருக்கு நாம் வெளியே போக வேண்டியது இல்லை. 1960-ல் தொடங்கிய எல்ஜி கம்பெனி கோவையுடையதுதான். மோட்டாரும் பம்பும் வார்ப்படமும் செய்து நாடு முழுக்க அனுப்புகிற ஊர் இது. இந்த ஊரில் குழாய் வளைத்துக் கூண்டு செய்யப் பட்டறையா இல்லை?

ரிங் இல்லாவிட்டால் பயம் இல்லையா?

இப்போது டியூப் இல்லாத ரேடியல் டயர்கள் பெருகிவிட்டன. அவற்றுக்கு லாக் ரிங் கிடையாது. "அப்புறம் என்னங்க பயம்?" என்று கேட்கிறார்கள்.

பயம் வேறு விதத்தில் இருக்கிறது.

ரேடியல் டயரின் பக்கச் சுவருக்குள் மெல்லிய எஃகுக் கம்பிகள் வரிசையாக ஓடுகின்றன. காற்று குறைந்த டயரோடு லாரி பல மைல் ஓடினால் அந்தக் கம்பிகள் மடங்கி மடங்கி, ஒவ்வொன்றாக முறிகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த டயருக்கு மறுபடி முழுக் காற்று அடிக்கும்போது மிச்சம் உள்ள கம்பிகள் சடசடவென்று அறுகின்றன. பேண்ட் 'ஜிப்'பைப் பிரித்தது போல் பக்கச் சுவர் நீளமாகக் கிழிந்து வெடிக்கிறது.

காற்று அடிக்கும்போது டயருக்குள் 'பட் பட்' என்று சத்தம் கேட்டாலோ, பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தாலோ கிட்டே போய்ப் பார்க்கக் கூடாது. தூரத்தில் இருந்தபடியே காற்றை இறக்க வேண்டும். அந்த டயர் இனி உதவாது.

ஆகவே "கொஞ்சம் கொறைவா இருக்குது" என்ற டயரை முதலில் அளக்க வேண்டும். 100 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 80-க்குக் கீழே இருந்தால், லாரியில் இருக்கும்போதே காற்று அடிக்கக் கூடாது. கழற்றி, உள்ளே பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு.

கழற்றும் முன் வால்வு பின்னைப் பிடுங்கி, காற்று முழுக்க இறங்கியதா என்று பார்க்க வேண்டும். இரட்டை டயர் என்றால் இரண்டிலும் இறக்க வேண்டும். நட்டு துருப்பிடித்துச் சுழலவில்லை என்று கேஸ் வெல்டிங்கால் சூடு காட்டுகிறார்களே, அது மகா ஆபத்து. டயர் மாட்டி இருக்கும்போது டிஸ்க்கில் வெல்டிங் நெருப்பே படக்கூடாது. சூட்டில் ரப்பர் வெந்து, அதில் இருந்து வரும் வாயு தீப்பிடித்து வெடிக்கும். பின்னைப் பிடுங்கிய டயர் கூட அப்படி வெடித்திருக்கிறது.

உள் டயரை யார் பார்க்கிறார்கள்?

பின் சக்கரத்தில் டயர்கள் ஜோடியாக இருக்கின்றன. வெளி டயர் கண்ணில் படுகிறது. உள் டயரை யார் பார்க்கிறார்கள்? அதில் காற்று இறங்கினாலும் லாரி ஓடிக்கொண்டே இருக்கும். சுமை முழுவதும் பக்கத்து டயரின் தலையில் விழும். இரண்டரை டன் சுமந்த டயர் 5 டன் சுமக்கும். சூடு ஏறும். முதலில் வெடிப்பது நல்ல டயர்தான்!

10 டயர் லாரி மொத்தம் 25 டன் இருக்கலாம் என்று முன்பு இருந்தது. 2018-ல் அதை 28.5 டன் என்று மத்திய அரசு உயர்த்தியது. எடை கூடியது. டயரைப் பார்க்கும் ஆள்தான் குறைந்துபோனார். முன்பெல்லாம் லாரிக்கு ஒரு கிளீனர் உண்டு. வாளையாறு சோதனைச் சாவடியில் வரி பார்க்க மணிக்கணக்கில் வரிசை நிற்கும். அந்த நேரத்தில் கிளீனர் இறங்கி, டயர் டயராகத் தட்டிக்கொண்டு போவார். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வரிச் சாவடி போய்விட்டது. பல லாரிகளில் கிளீனரும் இல்லை. டிரைவர் ஒற்றை ஆளாக ஓட்டுகிறார்.

தட்டிப் பார்ப்பதும் போதாது. அடியோடு காற்று இறங்கிய டயர் தட்டினால் 'தொப்' என்று சொல்லும். 20 பவுண்டு குறைந்த டயர் நல்ல டயர் மாதிரியே சத்தம் கொடுக்கும். மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும். அதுவும் காலையில், வண்டி கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடி வந்த சூட்டில் அளந்துவிட்டு "காத்து ஜாஸ்தி" என்று இறக்கிவிடக் கூடாது.

டயர் தேய்ந்திருக்கும் விதமே கதை சொல்லும். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட் கோளாறு. ஜோடி டயருக்கு நடுவே கல் சிக்கி இருந்தால் கிளம்பும் முன்பே நெம்பி எடுத்துவிட வேண்டும்.

1.6 மில்லி மீட்டர்

மொட்டை டயருக்குச் சட்டம் இருக்கிறது. 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 94-வது விதி. லாரி டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. நூல் தெரியக் கூடாது. புடைப்பு இருக்கக் கூடாது. வல்கனைஸ் செய்யாமல் மேலே ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. அளவு பார்க்கக் கருவி வேண்டாம். பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு வைத்திருக்கிறார்கள். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது.

எப்.சி. காட்டும் நாளில் மட்டும் இரவல் டயர் மாட்டிக்கொண்டு போகிற வித்தையும் லாரித் தொழிலில் பழைய கதைதான். எப்.சி. அதிகாரியை ஏமாற்றலாம். மலை இறக்கத்தை ஏமாற்ற முடியுமா?

ரீபட்டன் டயர் போடுவது குற்றம் அல்ல. உள்கட்டு நன்றாக இருந்தால் நல்ல ரீபட்டன் பணத்தை மிச்சப்படுத்தும். ஆனால் முன் சக்கரத்துக்கு அனுபவசாலிகள் அதைப் போடுவது இல்லை. பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் உள்ள 4 எண்களைப் பார்க்க வேண்டும். '2319' என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது.

பஞ்சர் ஒட்டுவதிலும் முறை இருக்கிறது. டியூப் இல்லாத டயரை வெளியில் இருந்து திரி குத்தி அனுப்புவது கடை வந்து சேரும் வரைக்கும்தான். கழற்றி உள்ளே பார்த்து, ஓட்டையை அடைத்து, உள்பக்கம் ஒட்டுப் போட வேண்டும். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் ஒட்டுவதற்கு இல்லை.

எதற்கெடுத்தாலும் டயரா?

விபத்து என்றதும் "டயர் வெடிச்சிருச்சுங்க" என்பது வழக்கமான பதில். 2020 பிப்ரவரி 20-ந்தேதி அதிகாலை அவினாசி அருகே கண்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து, கேரள அரசு பஸ்சில் மோதியது. 19 பேர் பலி. முதலில் டயர் வெடித்தது என்றுதான் சொல்லப்பட்டது. பிறகு நடந்த விசாரணையில் டிரைவர் கண் அயர்ந்ததே காரணம் என்று தெரிவிக்கப்பட்டது. பாவம், டயர் வாய் திறந்து பேசாது.

உண்மையிலேயே முன் டயர் வெடித்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்து, வேகம் தானாகக் குறைய விட்டு, பிறகு ஓரம் கட்ட வேண்டும்.

ஓரம் கட்டிய பிறகும் ஆபத்து விலகவில்லை. இரவில் ரோட்டு ஓரத்தில் டயர் மாற்றும் டிரைவர் மீது பின்னால் வரும் லாரி ஏறிவிடுகிறது. மரக்கிளையை ஒடித்துப் போட்டால் இருட்டில் யாருக்குத் தெரியும்? ஒளி வீசும் முக்கோணத்தைத் தள்ளி வைக்க வேண்டும். ஜாக்கியின் அடியில் பலகை, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும். முட்டுக் கொடுத்த கல்லை நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போகிறார்களே, அதில் ஏறி விழுகிறவர் ஸ்கூட்டரில் வருகிற யாரோ ஒருவர்.

டயரை மாட்டிய பிறகு நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிர் எதிராக முடுக்க வேண்டும். அத்தோடு விட்டுவிடக் கூடாது. 50 முதல் 100 கிலோ மீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி முடுக்க வேண்டும். ஓட்டத்தில் நட்டு இளகும். மதுக்கரையில் டயர் மாற்றியவர் கேரளா பக்கம் போனால் பாலக்காடு தாண்டியதும், சேலம் பக்கம் போனால் அவினாசி தாண்டியதும் அந்தத் தூரம் வந்துவிடுகிறது. டீ குடிக்க இறங்கும்போது கையில் ஸ்பானரும் இருக்கட்டும்.