கருகின கன்றுக்கும் அட்டெண்டன்ஸ்!

நம்ம ஆபீஸ் ரிஜிஸ்டரை விடக் கறாரான ஒன்று முதுமலைக் காட்டுக்கு உண்டு. 1988-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் யானை நிபுணர் ஆர்.சுகுமார் குழுவினர் அங்கே 50 ஹெக்டேரை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குச்சி முதற்கொண்டு சுமார் 26 ஆயிரம் மரங்களுக்கு நம்பர் போட்டார்கள். அப்புறம் வருஷா வருஷம் கணக்கெடுப்பு - யார் இருக்கிறார், யார் 'அவுட்'!

காட்டுத்தீயில் பெரிய மரங்கள் தடித்த பட்டையால் பெரும்பாலும் தப்பித்துவிடும். கன்றுகள் கருகும். அவசரப்பட்டு சிவப்பு மையில் அடித்துவிடாதீர்கள் சார்! பலவற்றுக்கு வேர் மண்ணுக்குள் பத்திரம். மழை விழுந்ததும் அடியிலிருந்து தளிர் எட்டிப் பார்க்கும்.

பட்டை தடிக்க சில வருஷமாவது அவகாசம் வேண்டுமே! அதற்குள் அடுத்த தீ வந்தால் மறுபடி முதலிலிருந்து. வேருக்கு வயசு ஏறிக்கொண்டே போகும். கன்று மட்டும் முழங்கால் உயரத்திலேயே... புரொமோஷன் வராத பழைய கிளார்க் மாதிரி.