மரண தண்டனை: ஜூரி எதை எடைபோடலாம்?

தென் கரோலினாவில் ஒரு கொலை வழக்கு. தண்டனையை முடிவு செய்யத் தனி அறைக்குப் போன ஜூரிகள், நீதிபதிக்கு ஒரு சீட்டு அனுப்பினார்கள்: ஆயுள் தண்டனை கொடுத்தால் இவர் பரோலில் வெளியே வர முடியுமா? அவருக்குப் பரோலே கிடையாது. நீதிபதி அதைச் சொல்லவில்லை; பரோலைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். 25 நிமிடத்தில் மரண தண்டனை என்று சொல்லிவிட்டார்கள். 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. எதிர்காலத்தில் ஆபத்தானவர் என்று வாதிட்டு அரசுத் தரப்பு உயிரைக் கேட்டால், பரோல் இல்லாத விஷயமும் ஜூரிக்குத் தெரிந்தாக வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கும் ஜூரி அழைப்பு வரும் என்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

1972-க்கு முன்பு ஜூரி மனம் போனபடி முடிவெடுக்கலாம். ஃபர்மன் வழக்கில் அந்த முறை செல்லாமல் போனது. 1976-இல் வழிகாட்டுதலோடு கூடிய புதிய சட்டங்களை ஏற்ற உச்ச நீதிமன்றம், இன்ன கொலைக்குக் கட்டாயம் மரணம்தான் என்ற சட்டத்தை அதே நாளில் தள்ளியது.

அதன் பிறகு உருவான விதிகள் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்தவை. தண்டனையைக் கடுமையாக்கும் காரணம் சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். ‘மிகக் கொடூரமான கொலை’ என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் போதாது என்றது 1980-இன் காட்ஃப்ரே தீர்ப்பு. எந்தக் கொலைதான் கொடூரமில்லை? அந்தக் காரணம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமானதா என்பதை நீதிபதி சொல்ல முடியாது, ஜூரிதான் சொல்ல வேண்டும் (ரிங் வழக்கு, 2002).

தண்டனையைக் குறைக்கும் காரணத்துக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. ஒஹாயோவில் அடகுக்கடைக் கொள்ளையின்போது வெளியே காரில் காத்திருந்த லாக்கெட் என்ற பெண்ணுக்கு மரண தண்டனை விதித்தார்கள். குற்றத்தில் அவர் பங்கு சிறியது என்பதைக் கணக்கில் எடுக்க மாநிலச் சட்டத்தில் இடமில்லை. 1978-இல் அது செல்லாது என்றானது. அடி உதை பட்ட சிறுவயது, மனநோய், சிறையில் நன்னடத்தை எல்லாம் ஜூரி முன் வரலாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: இந்தக் காரணத்தைப் பன்னிரண்டு பேரும் ஒருமித்து ஏற்கத் தேவையில்லை. ஒரே ஒரு ஜூரர் நம்பினாலும் அவர் அதை எடைபோடலாம்.

கறுப்பினத்தவர் என்பதால் ஆபத்து அதிகம் என்ற சாட்சியத்தை 2017-இல் பக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இத்தனைக்கும் அப்படிச் சாட்சி சொன்ன நிபுணரை அழைத்தது பக்கின் சொந்த வழக்கறிஞரே! ‘நீங்கள் தப்பாக முடிவெடுத்தாலும் மேல் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்’ என்று ஜூரியிடம் சொல்வதும் கூடாது. பலியானவரின் குடும்பத் துயரம் மட்டும் 1987-இல் தடுக்கப்பட்டு 1991-இல் அனுமதிக்கப்பட்டது. என் பார்வையில் இது நெருடலான இடம். அழ ஆளில்லாதவரின் உயிருக்கு மதிப்புக் குறைவா? ஆனாலும் என்ன தண்டனை வேண்டும் என்று குடும்பத்தார் ஜூரியிடம் கேட்க இன்றும் அனுமதியில்லை.

அரசுத் தரப்பு இந்த வரம்புகளை மீறினால் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் அங்கேயே ஆட்சேபிக்க வேண்டும். சும்மா இருந்துவிட்டால் மேல்முறையீட்டில் வாதம் பலமிழக்கும். பிறகு மாநில நீதிமன்றங்கள், கடைசியாகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஹேபியஸ் (ஆட்கொணர்வு) மனு. 1996-இன் சட்டப்படி அதற்குப் பொதுவாக ஓராண்டுதான் கெடு. கட்சிக்காரரின் வாழ்க்கைப் பின்னணியை வழக்கறிஞர் சரியாகத் தோண்டாததே 2003-இல் விக்கின்ஸ் வழக்கில் தண்டனையை ரத்து செய்யப் போதுமானதாக இருந்தது. ஆகவே குடும்பத்தார் மானம் போகும் என்று மறைக்காமல் பள்ளி, மருத்துவமனைப் பதிவுகளை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

கைதானவர் விசாவில் இருப்பவர் என்றால், தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்க வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவு உரிமை தருகிறது. முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இந்த உரிமை மறுக்கப்பட்டதை வைத்துத் தண்டனைக்குப் பின் போராடிய மெக்சிகோக்காரர் மெடியீனின் மனுவை 2008-இல் அதே உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது.