ஸ்பார்க் பிளக் மரை போச்சா? சின்ன பட்டறை வேலையை 60,000 ரூபா கடனாக்காதீங்க!

வண்டி ரிப்பேர் பத்தி நம்ம பக்கத்துல எதுக்குன்னு சிலர் கேக்கலாம். ஆனா கீழ்ப்பழனி மலைப்பக்கம் வாழுறவங்களுக்கு வண்டிதான் சம்பளம். பெரும்பாறை, மங்களம்கொம்பு, தாண்டிக்குடி வட்டாரத்துல மலைவாழைத் தார், மிளகு மூட்டை, காபிப் பழம், சௌசௌ எல்லாமே தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு வர்றது பெரும்பாலும் ஜீப்லயோ மொபெட்லயோதான். வண்டி ரெண்டு நாள் நின்னா ரெண்டு நாள் கூலி போச்சு. அந்த அவசரத்துலதான் தப்பான கடன் உள்ள நுழையுது.

முதல்ல பிரச்சனையைப் புரிஞ்சுக்குவோம். ஏத்தத்துல த்ராட்டிலை முறுக்கினா இன்ஜின் தலையில இருந்து "புஸ் புஸ்"னு காத்து வர்ற சத்தம், இழுவை குறையுது, பிளக்கைச் சுத்தி எண்ணெய்க் கறை. பிளக்கைத் தொட்டா ஆடுது. வெறுமனே லூஸா இருந்தா இறுக்கினதும் நிக்கும். ஸ்பேனரைப் போட்டு திருப்பத் திருப்ப சுத்திக்கிட்டே இருந்தா, ஹெட்ல மரை போச்சுன்னு அர்த்தம். பிளக்கோட உடம்பு இரும்பு, ஹெட் அலுமினியம். ரெண்டும் மோதினா தேயுறது எப்பவும் அலுமினியம்தான்.

பழைய ரெண்டு ஸ்ட்ரோக் மொபெட்ல இது ஏன் அடிக்கடி நடக்குது? 1980ல டி.வி.எஸ். 50 வந்த காலத்துல இருந்து பெட்ரோலோட ஆயில் கலந்து ஊத்துற வண்டிகள் அவை. ஆயில் எரிஞ்சு பிளக் கரியாகும். உடனே ரோட்டோரத்துல நிறுத்தி, சூடா இருக்கும்போதே பிளக்கைக் கழட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு மாட்டுவோம். சூட்டுல அலுமினியம் இரும்பைப் போல ரெண்டு மடங்கு விரியும், மெத்துன்னும் இருக்கும். அந்த நேரத்துல பிளக்கைக் கழட்டினா மரையும் கூடவே உரிஞ்சு வரும். இதையே பல வருஷம் செஞ்சா எந்த ஹெட்தான் தாங்கும்? 2015ல வந்த எக்ஸ்.எல். 100 நாலு ஸ்ட்ரோக் வண்டி, அதுல பிளக் இவ்வளவு சீக்கிரம் கரி பிடிக்காது. ஆனா சைக்கிள் பெடல் மாதிரி காலால மிதிச்சு இறுக்குற பழக்கம் மட்டும் இன்னும் போகல!

லூஸா இருந்தா என்ன, ஓடுதே, ஓட்டிக்கலாம்னு நினைக்காதீங்க. பிளக் முனையில ஏறுற சூடு பெரும்பாலும் மரை வழியாவும் அடியில இருக்கிற வாஷர் வழியாவும்தான் ஹெட்டுக்கு இறங்குது. தொடர்பு சரியில்லன்னா முனை செக்கச் செவேல்னு ஆகி, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். கடைசியில பிஸ்டன்ல ஓட்டை விழலாம். அப்போ செலவு ஹெட்டோட நிக்காது. இன்னொன்னு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு மலைப்பாதையில உருட்டிக்கிட்டே கீழ வந்துடலாம்னு யோசிக்காதீங்க. சித்தையன்கோட்டை இறக்கம் முழுக்க பிரேக் மட்டும்தான்னா அது சூடாகி பிடிக்காம போயிடும். ஜீப்ல ஏத்தி இறக்குற வாடகை அதைவிட மலிவு.

சரி, கணக்குக்கு வருவோம். கீழ இருக்கிற தொகை எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்கோங்க. ஒருத்தருக்கு மொபெட்ல சரக்கு இறக்கி ஒரு நாளைக்கு பெட்ரோல் போக 500 ரூபா நிக்குதுன்னு வைப்போம்.

எம்-சீல் வச்சு ஒட்டுறது, டெஃப்லான் டேப் சுத்துறது, துவாரத்தைச் சுத்தி ஆணியால புள்ளி குத்தி நெருக்குறதுன்னு நம்ம ஊர் வைத்தியம் நிறைய. ஐம்பது ரூபாக்குள்ள முடியும். எரியுற அறைக்குள்ள இருக்கிற சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் இதெல்லாம் நிக்காது. மரத்தடியில இருந்து பட்டறை வரைக்கும்கூட வரும்னு நான் சொல்ல மாட்டேன்.

உண்மையான வைத்தியம் ஹெலிகாயில். பழைய மரையைப் பெரிசா டேப் அடிச்சு, உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிச் சுருளை ஏத்துவாங்க. பிளக் அதே சைஸ்தான், ஆனா இனிமே அது பிடிக்கிறது அலுமினியத்தை இல்ல, ஸ்டீலை. ஒழுங்கா செஞ்சா பழைய மரையைவிட உறுதி. துவாரம் ரொம்ப சிதைஞ்சிருந்தா லேத்ல முழு புஷ் கடைஞ்சு போடலாம். ஹெலிகாயிலுக்கு வேலையோட 600 ரூபா, ரெண்டு நாள் கூலி 1,000, ஜீப் வாடகை 500ன்னு வச்சா மொத்தம் 2,100. பில்லைவிட நின்ன நாள்தான் பெரிசு, கவனிச்சீங்களா? அதனால நூறு ரூபா குறைச்சு வாங்கி நாலு நாள் இழுக்கிற பட்டறையைவிட, இன்னைக்கே முடிக்கிற பட்டறைதான் மலிவு.

மெக்கானிக்கிட்ட ஒரு கேள்வி கண்டிப்பா கேளுங்க: "அண்ணே, ஹெட்டைக் கழட்டிட்டு அடிப்பீங்களா?" கழட்டாம டேப் அடிச்சா அலுமினியத் தூள் சிலிண்டருக்குள்ள விழுந்து சுவரைக் கீறும். ரெண்டு ஸ்ட்ரோக் ஹெட்ல வால்வு கிடையாது, சில நட்டைக் கழட்டினா கையில வந்துடும். சோம்பேறித்தனத்துக்கு அங்க இடமே இல்ல. நாலு ஸ்ட்ரோக்ல டைமிங் செயின் எல்லாம் இருக்கிறதால கழட்டுற கூலி கூடும். அங்க டேப்ல கிரீஸ் தடவி தூளைப் பிடிக்கிறவங்க உண்டு, ஆனாலும் கழட்டுறதுதான் எனக்குத் திருப்தி. புது வண்டி, வாரண்ட்டி பாக்கியிருந்தா முதல்ல டீலர்கிட்ட போங்க. வெளிய கை வச்சா வாரண்ட்டியை மறுக்கலாம்.

ஹெட்ல விரிசல் விட்டிருந்தா மட்டும் புது ஹெட். அதுவும் வண்டி விலையில ஒரு சின்ன பங்குதான்.

இப்போ ஆபத்தான வழிக்கு வருவோம். "இந்த பழசை எதுக்கு பாத்துக்கிட்டு, எக்ஸ்சேஞ்ச் போட்டு புதுசு எடுங்க, மாசம் 3,200 தானே"ன்னு ஒரு குரல் வரும். 60,000 கடன், 24 மாசம், 14% ஃபிளாட் வட்டி. மொத்தம் கட்டுறது 76,800. இதையே குறையும் நிலுவைக்கு 14%ன்னு போட்டா தவணை சுமார் 2,881, வட்டி 9,100 சொச்சம்தான். ஃபிளாட்ல வட்டி 16,800. அந்த "14%" உண்மையில கிட்டத்தட்ட 25%! 2024 அக்டோபர் 1ல இருந்து இந்த மாதிரி சில்லறைக் கடனுக்கு முக்கிய விவரத் தாள் கொடுத்தே ஆகணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அதுல ஏ.பி.ஆர். எவ்வளவுன்னு பாருங்க. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கேளுங்க, அப்புறம் இல்ல.

இன்சூரன்ஸ் தருமான்னா, தராது. தேர்டு பார்ட்டி பாலிசி உங்க வண்டிக்கே கிடையாது. முழு பாலிசியிலயும் தேய்மானம், இயந்திரக் கோளாறு விலக்கு. ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் இதேதான்.

அப்போ பணம் எங்கிருந்து? வண்டி ஓடுற ஒவ்வொரு நாளும் 20 ரூபா தனியா எடுத்து வச்சா, மாசம் 25 நாள் கணக்குல 500, வருஷம் 6,000. இதை போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.ல போடாதீங்க. அது 5 வருஷத் திட்டம், 3 வருஷத்துக்கு முன்னாடி மூட முடியாது. 12 தவணை கட்டினப்புறம் கடன் எடுக்கலாம்னாலும் ரிப்பேர் அதுவரைக்கும் காத்திருக்காது. அதே போஸ்ட் ஆபீஸ்ல சேமிப்புக் கணக்கு இருக்கு, குறைஞ்சபட்ச இருப்பு 500. வண்டிக்குன்னு அது போதும்.

மரை சரியானப்புறம் அதைக் காப்பாத்த செலவே இல்ல. இன்ஜின் ஆறட்டும். பிளக்கை முதல்ல விரலாலயே ஏத்துங்க. கை போகாத இடம்னா பழைய பெட்ரோல் டியூப் துண்டை பிளக் தலையில சொருகி சுத்துங்க. கோணலா ஏறினா டியூப் வழுக்கிடும், மரை தப்பிச்சிடும். உக்காந்தப்புறம்தான் ஸ்பேனர். புது பிளக்னா வாஷர் நசுங்க அரை சுத்து, ஏற்கனவே மாட்டின பிளக்னா பன்னண்டுல ஒரு பங்கு சுத்து, அவ்வளவுதான். டார்க் ரென்ச் இருக்கிற பட்டறைன்னா, 14 மி.மீ. பிளக்குக்கு 25-30 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. பிளக்குக்கு 10-12. மரையில ஆயில் தடவாதீங்க. வழுக்கல்ல கை தெரியாம கூடுதலா இறுக்கிடுவீங்க. ஹெலிகாயில் போட்டு ஒரு வாரம் ஓட்டினதும், காலையில இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒருதரம் பிளக் இறுக்கமா இருக்கான்னு பாத்துட்டு, பில்லை வண்டி ஆர்.சி. வைக்கிற கவர்லயே போட்டு வைங்க.