தேனி நியூட்ரினோ திட்டம்: 1,500 கோடி ரூபாய் ஆய்வகம் நின்றுபோனது எப்படி?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பு சுமார் 1,500 கோடி ரூபாய். ஆனால், திட்டமிட்ட சுரங்கம் இன்னும் தோண்டப்படவில்லை. மத்திய அரசே கொண்டுவந்த திட்டம் எப்படி நின்றது?

நியூட்ரினோன்னா என்ன?

சூரியனில் இருந்து வரும் மிக நுண்ணிய துகள். ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கில் நம் உடலை ஊடுருவிச் செல்கிறது; பாதிப்பு எதுவும் இல்லை. மற்ற அண்டக் கதிர்களை மலைப்பாறை தடுத்துவிடும் என்பதால், மலைக்கு அடியில்தான் இதைத் துல்லியமாக ஆராய முடியும். அதற்காக சுமார் 2 கி.மீ. சுரங்கம், உள்ளே 50,000 டன் காந்த இரும்புக் கருவி எனத் திட்டமிடப்பட்டது.

முதலில் தேர்வான இடம் நீலகிரியின் சிங்காரா. யானை, புலி நடமாடும் காடு என்று சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன. 2009-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்ததும் திட்டம் தேனிக்கு வந்தது.

எதிர்ப்பு ஏன்?

வெடி வைத்தால் மலை அதிருமா, தண்ணீர் வத்திப் போகுமா, ஆடு மாடு மேய்க்க இடம் இருக்குமா... இவைதான் சுற்றுவட்டார மக்களின் கவலை. கதிர்வீச்சு அச்சமும் பரவியது. ஆபத்தே இல்லை என்றார்கள் விஞ்ஞானிகள்.

வழக்கு திரும்பிய இடம்

'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே கேட்ட கேள்விகள் ரொம்ப எளிமையானவை. சுற்றுச்சூழல் தாக்க ஆய்வை நடத்திய நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரம் இருக்கா? கேரளாவின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா எத்தனை கி.மீ. தூரம்?

பூங்கா 5 கி.மீ.க்குள் இருந்தது. 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்து, புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னது தீர்ப்பாயம். 2018 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. அதை ரத்து செய்ய மறுத்தாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் கூறிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2022 பிப்ரவரியில், திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசே அங்கு மனு தாக்கல் செய்தது.

வெளிநாட்டில் எப்படி?

ஆப்பிரிக்காவின் கென்யாவிலும் இதே மாதிரி ஒரு வழக்கு உண்டு. லாமு கடற்கரையில் வரவிருந்த 1,050 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்தை 'சேவ் லாமு' என்ற உள்ளூர் அமைப்பு எதிர்த்தது. மக்களிடம் முறையாகக் கருத்துக் கேட்கவில்லை என்று 2019 ஜூனில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் உரிமத்தை ரத்து செய்தது.

இரண்டு இடத்திலும் மக்கள் அமைப்புகள் செய்தது ஒரே வேலைதான்: அரசு தானே போட்ட விதியைப் பின்பற்றியதா என்று கேட்டன. அதிகாரிகள் முதலிலேயே சரிபார்த்திருந்தால், தேனியில் இத்தனை வருட இழுபறி இருந்திருக்காது.

இதற்கு விலையும் உண்டு. சீனாவின் 'ஜூனோ' நியூட்ரினோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. இந்தியா இன்னும் தொடங்கவே இல்லை. மலையைக் காப்பாற்றியதாகச் சொல்பவர்களும், அறிவியல் வாய்ப்பை இழந்ததாகச் சொல்பவர்களும் தேனியிலேயே இருக்கிறார்கள்.