உடன்படிக்கையின் கதை – 9: பாத்திரத்தில் ஒரு பிரமாணம்

சென்ற வாரம் சீனாய் மலையடிவாரத்தில் நிறுத்திய கதையை, இவ்வாரம் எருசலேம் நகரத்து மேல்வீட்டு அறையொன்றில் தொடர வேண்டியிருக்கிறது. மோசே பலிபீடம் கட்டி, பன்னிரண்டு கோத்திரங்களுக்குப் பன்னிரண்டு தூண்களை நிறுத்தி, பலியான காளைகளின் இரத்தத்தில் பாதியைப் பீடத்தின்மேலும், ஜனங்கள் கீழ்ப்படிவோமென்று ஏகமாய் வாக்களித்த பிறகு மறுபாதியை அவர்கள்மேலும் தெளித்தான் என்பதும், அதற்குப் பின் மூப்பர் எழுபது பேர் அவனோடு மலையேறித் தேவனைத் தரிசித்துப் புசித்துக் குடித்தார்கள் என்பதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் போஜனம் சடங்கு முடிந்தபின் பசியாற உண்ட சோறன்று; சடங்கின் பூர்த்தியே அதுதான்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நம் மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஈசாக்கும் அபிமெலேக்கும் விருந்துண்டு, மறுநாள் விடியற்காலையில் ஒருவருக்கொருவர் ஆணையிட்டார்கள். யாக்கோபும் லாபானும் சாட்சியாகக் குவித்த கற்குவியலின்மேல் அமர்ந்து உண்டார்கள். மாறாத உடன்படிக்கைக்கு எபிரெய வேதம் உப்பின் உடன்படிக்கை என்றே பெயர் கொடுத்திருக்கிறது. ஆனால் அம்மொழியில் உடன்படிக்கையைச் செய்வதில்லை, வெட்டுவார்கள். ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் ஆபிராம் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் இரு கூறாக்கி எதிரெதிரே வைத்தான். அந்தத் துண்டங்களின் நடுவே நடப்பவன், சொல் தவறினால் இவற்றின் கதி எனக்கும் நேர்க என்று வாய்திறவாமலே தன்னைச் சபித்துக்கொள்கிறான். எரேமியாவின் காலம்வரை இந்த அர்த்தம் மறக்கப்படவில்லை. அன்றிரவு ஆபிராம் நடக்கவில்லை. அவன் அயர்ந்த நித்திரையில் கிடக்க, புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையுமாகத் தேவனே தனித்துக் கடந்துபோனார் என்று வேதம் சொல்லும் அந்த இடத்தை எத்தனை முறை வாசித்தாலும் என் நெஞ்சு ஒரு கணம் நின்றுதான் போகிறது.

பஸ்காவை ஒட்டிய இராத்திரியில் பாத்திரத்தைக் கையிலேந்திய இயேசு, உடன்படிக்கையின் இரத்தம் என்னும் மோசேயின் சொல்லையே எடுத்தாண்டார். லூக்காவும் பவுலும் எழுதிய வடிவத்தில், எரேமியா முன்னுரைத்த புதிய உடன்படிக்கையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. ஆக, அந்தப் பந்தியிலிருந்தவர்கள், சீனாயில் தம் முன்னோர்மேல் தெளிக்கப்பட்டது இப்போது பருகும்படி நீட்டப்படுவதைக் கண்டார்கள். இரத்தத்தை வாயில் வைப்பதே நியாயப்பிரமாணத்தில் விலக்கப்பட்ட ஒரு சாதிக்கு இது எத்தகைய திகிலாயிருந்திருக்கும்!

இவ்விருந்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து, கி.பி. 50களின் நடுப்பகுதியில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு பார்த்திருந்தார்கள் என்பதே அங்கே வந்த புகார். இதைப் பந்தி வஞ்சனை என்று கடிந்து விட்டிருக்கலாம். பவுலோ, அபாத்திரமாய்ப் பானம்பண்ணுகிறவன் தன்மேல் ஆக்கினைத்தீர்ப்பையே பருகுகிறான் என்றும், உங்களில் பலர் நோயுற்றிருப்பதும் சிலர் இறந்துபோனதும் இதனால்தான் என்றும் எழுதுகிறார். இந்தக் கடுமை பலரை இடறச்செய்கிறது. அந்தப் பாத்திரத்தைச் சத்தியப்பிரமாணமாகக் கொண்டால்தான், ஆணையிட்டுக்கொண்டே ஆணையை மீறுகிறவன் தன் சாபத்தைத் தானே அழைத்துக்கொள்கிறான் என்னும் பழைய நியதி இங்கும் உயிரோடிருப்பது புலப்படும் என்பது என் துணிபு. பசித்த சகோதரனை மறந்து பருகியது அங்கே ஒழுங்குக் குறைவாக அல்ல, பொய்ச்சத்தியமாக எண்ணப்பட்டது.

சுமார் கி.பி. 112இல் பித்தினியா-பொந்து மாகாண அதிபதி பிளினி, சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதிய கடிதத்திலும் இதன் சாயல் தெரிகிறது. குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் துதித்து, திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, நம்பி வைத்த பொருளை மறுப்பதில்லை என்று கிறிஸ்தவர்கள் ஆணையிட்டுக்கொள்வதாகவும், பிற்பாடு மீண்டும் கூடிச் சாதாரண உணவை உண்பதாகவும் அவன் விசாரித்து அறிந்தான். அந்த ஆணைக்கு அவன் இட்ட பெயர் சாக்ரமெந்தும். ரோமப் போர்வீரன் கொடிக்குக் கீழ் செய்யும் விசுவாசப் பிரமாணத்துக்கும் அதே சொல்தான். பிளினி குறித்தது எந்தச் சடங்கை என்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். திருச்சபை தன் பரிசுத்த சடங்குகளுக்கு அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டது என்பதில் ஐயமில்லை. நற்கருணை, திருவிருந்து, இராப்போஜனம் என்னும் நம் அழகிய பெயர்களில் அந்தப் பிரமாணத்தின் ஒலி கேட்பதில்லையே என்பது எனக்கு நெடுநாளைய குறை.

ஆனால் முதற்பந்தியில் ஆணையேற்றவர்கள் யார்? பொழுது விடியுமுன் ஓடிப்போனவர்கள். பேதுரு, மரித்தாலும் மறுதலியேன் என்று சொன்ன வாயால், அந்த மனுஷனை அறியேன் என்று சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினான் என்று மாற்குவே எழுதுகிறார். உடன்படிக்கையின் பாத்திரத்தைத் தொட்ட உதடு, அதே இரவில், அதற்கு எதிர்ச்சத்தியமும் செய்தது. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் அவன் குளிர்காய்ந்து நின்றது ஒரு கரிநெருப்பின் அருகே. அந்தக் கரிநெருப்புக்கு யோவான் எழுதிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது: திபேரியாக் கடற்கரையில், உயிர்த்தெழுந்தவர் மூட்டிய நெருப்பில், மீனும் அப்பமும் இருந்த இடத்தில். அப்பத்தை எடுத்து முதலில் அவர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் போஜனம்பண்ணி முடித்த பிறகே, மும்முறை மறுத்தவனைப் பார்த்து, என்னில் அன்பாயிருக்கிறாயா என்று மும்முறை கேட்டார்.